பேர் போட்ட சீட்டு

லீலாபாயின் கர்ப்பப்பைச் சங்கதி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முந்நூறு பேர் கேட்க, கோயிலில் சத்தமாக வாசிக்கப்பட்டது.

“நம்முடைய சபையின் அருமைச் சகோதரி, குமாரதாஸ் சாருடைய மனைவி லீலாபாய், ஆறு வருடமாகப் பிள்ளைப்பாக்கியம் இல்லாதபடியினாலே, வருகிற புதன்கிழமை மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்றாம் முறையாகக் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும் ஆப்பரேஷனுக்குப் போகிறார்கள். சகோதரியின் குறைவு நீங்கும்படி ஜெபிக்கக் குடும்பத்தார் கேட்டுக்கொள்ளுகிறார்கள்.”

போதகர் சத்தியநேசன் நல்ல மனிதர்தான். ஆனால் காணிக்கைப் பையில் விழும் விண்ணப்பச் சீட்டுகளை முன்கூட்டிப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. கோட்டாற்றில் வாங்கிய கண்ணாடியை மூக்கில் ஏற்றுவார், சீட்டைப் பிரிப்பார், வாசிப்பார். சீட்டில் என்ன இருக்கிறது என்பது சபைக்குத் தெரியும்போதுதான் அவருக்கும் தெரியும்.

பெண்கள் பக்கத்துப் பாய்களில் இருந்த தலைகளெல்லாம் ஒன்றாகத் திரும்பின. முகத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் வயிற்றைப் பார்த்தார்கள். லீலாபாய் சேலைத்தலைப்பை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். காது இரண்டும் எரிந்தன.

இதில் பெரிய அநியாயம் என்னவென்றால், அந்தச் சபையில் பாதிப் பெண்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பவளே அவள்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் எழுதத் தெரியாதவர்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். புருஷனின் குடி நிற்க வேண்டும், மகளுக்கு மாப்பிள்ளை அமைய வேண்டும், பசு சினைபிடிக்க வேண்டும். பேனாவை எடுத்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி, “பேரு போடணுமா, வேண்டாமா?” என்பது. “வேண்டாம் மக்கா, ஒரு சகோதரின்னு மட்டும் போடு. கர்த்தருக்கு ஆளு தெரியும்லா” என்பார்கள். பசுவுக்குக் காட்டிய அந்த மரியாதைகூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் மேசைமேல் கிடந்த சீட்டைப் பார்த்தாள். உருண்டை உருண்டையான எழுத்து. பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் தினமும் எழுதும் கை அது. அவள் புருஷனுடையது.

வீட்டுக்கு வந்து கேட்டாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?”

குமாரதாஸ் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், சபைக் கமிட்டியில் உறுப்பினர், பாடகர் குழுவுக்குத் தலைவர். கோபத்தில்கூடக் குரலை ஏற்றாதவர் என்று ஊரில் பெயர். “குடும்பத்தார்னுதானே போட்டிருக்கேன். அதுல என்ன தப்பு?”

“ஜெபத்துக்குப் போயி வெக்கப்படுகாளாம்” என்றாள் அவர் அம்மா நேசம்மாள். “சீட்டு எழுதச் சொன்னது நானாக்கும். எனக்க மகனுக்கு ஒரு பிள்ளை வேணும்லா.”

செவ்வாய்க்கிழமை கடியப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவரும் சூசம்மாள் தலையில் இருந்த மீன்குட்டையை இறக்குவதற்கு முன்பே கேட்டாள். “நாளைக்காக்கும் ஆப்பரேஷன்? ஒனக்குதானே, மக்கா?” சூசம்மாள் இந்தச் சபையே இல்லை. கடற்கரைக் கத்தோலிக்கக்காரி. அத்தனை மைல் தாண்டிப் போய்விட்டது சங்கதி. லீலாபாய் அன்றைக்கு விலைகூடப் பேசாமல் சாளை மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

புதன்கிழமை விடியற்காலை, பச்சைத்தண்ணீர்கூட இல்லாமல், மாமியாரும் அவளும் குமாரதாஸும் முதல் பஸ்ஸில் போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் குமாரதாஸ் நின்றுவிட்டார்.

“நீங்க உள்ள வரலியா?” என்றாள். மூன்று தடவை ஆனாலும் பயம் பயம்தான்.

“எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. வலிக்காது. காலையில போனா சாயங்காலம் வந்துரலாம்.”

வலிக்காதாம்! மூக்கில் வைக்கிற அந்த மயக்கமருந்துத் துணிக்கூட்டின் நாற்றத்தை அவர் ஒரு தடவை முகர்ந்திருக்க வேண்டும். எண்ணச் சொல்லுவார்கள். ஏழோ எட்டோ எண்ணுவதற்குள் தரை நழுவும். கண்விழிக்கும்போது அடிவயிற்றில் யாரோ தேங்காய் துருவிவிட்டுப் போன மாதிரி இருக்கும். பிறகு வாந்தி. பிறகு துணி நனைய நனைய ரத்தம். மூன்றாவது தடவை என்பதால் எதுவும் குறைந்துவிடவில்லை.

மத்தியானம் மாமியார் கஞ்சி வாங்கப் போன நேரத்தில் லேடி டாக்டர் கட்டிலருகே வந்தார். நரை விழுந்த, சிரிக்காத அம்மாள்.

“உன் கர்ப்பப்பையில ஒரு கோளாறும் இல்லம்மா. முதல் தடவையும் இல்ல, இப்பவும் இல்ல. உன் வீட்டுக்காரருக்குத் திருவனந்தபுரத்துல பரிசோதனை பண்ணின ரிப்போர்ட்டை நான் பாக்கணும். அடுத்த தடவை கொண்டு வா.”

“என்ன பரிசோதனை, டாக்டரம்மா?”

டாக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “ரெண்டு தடவையும் உன் மாமியார் கையில அவருக்குக் கடிதம் குடுத்துவிட்டேனே. ஆம்பிளையையும் சோதிக்கணும், வரணும்னு எழுதி. இந்தத் தடவை, திருவனந்தபுரத்துல பாத்தாச்சு, ஒரு குறையும் இல்லைன்னு உன் மாமியார் சொன்னாங்க. அதை நம்பித்தானே உன்னை மேசையில ஏத்தினேன்.”

லீலாபாய்க்கு வலி மறந்துபோயிற்று. குமாரதாஸ் திருவனந்தபுரத்துக்குப் போனது கல்யாணத்துக்கு முன்பு, ஒரு பாட்டுப் போட்டிக்கு. அதற்கப்புறம் அவர் அந்தத் திசைப்பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்கள். நிற்க முடியவில்லை, ஆனாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் அவருடைய கீர்த்தனைப் புத்தகத்தை எடுத்து உதறினாள். அவர் எதை ஒளித்தாலும் அதில்தான் ஒளிப்பார். இரண்டு உறைகள் விழுந்தன. இரண்டிலும் ஆஸ்பத்திரி முத்திரை. முதல் கடிதத்துக்கு வயது இரண்டு வருஷம். அதாவது, அவர் ஒரு நாள் போய்வந்திருந்தால், அவளைப் பின்னால் இரண்டு தடவை சுரண்டியிருக்க வேண்டியதே இல்லை.

“என்னது இது?”

குமாரதாஸ் உறைகளைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். “ஒரு குப்பியைக் கையில தருவாங்களாம். சீ! கமிட்டியில இருக்கப்பட்ட ஆளு செய்யிற காரியமா அது?”

“ஒங்களுக்குக் குப்பின்னா நாணக்கேடு. எனக்கு மட்டும் கத்தி பரவால்லியா?”

“நான் சும்மா இருக்கல்ல. அடுத்த மாசம் திருவனந்தபுரத்துக்கு ஏற்பாடு பண்ணியிருக்கேன். வயித்தைத் திறந்தே பாத்துருவாங்களாம். அதோட தெரிஞ்சுரும்.”

வயிற்றைத் திறப்பார்களாம்! ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன வயிற்றை. ஒரு குப்பியைத் தொட வெட்கப்படுகிற ஒருவருக்காக.

“ஏட்டி, சத்தம் போடாத” என்றாள் மாமியார். “இதெல்லாம் வெளிய தெரிஞ்சா அவன் எப்படித் தலைநிமிந்து நடப்பான்?”

“எனக்க காரியம் கடியப்பட்டணம் வரைக்கும் தெரிஞ்சாச்சே மாமி. நான் நடக்கல்லியா?”

திருவனந்தபுரம் என்றால் திருவனந்தபுரம்தான், பேச்சு முடிந்தது என்பதுபோல் விளக்கைத் தாழ்த்திவிட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போலப் பெண்கள் வந்தார்கள். லீலாபாய் வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஆறு பேருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். ஆறு பேரிடமும் பேர் போடணுமா என்று கேட்டாள். அவர்கள் போன பிறகு ஏழாவதாக ஒன்று எழுதினாள். இதற்கு யாரிடமும் கேட்கவில்லை.

மறுநாள் போதகர் கண்ணாடியை ஏற்றினார். குடிக்கும் மாப்பிள்ளைக்காக ஜெபித்தாயிற்று. பசுவுக்கும் ஆயிற்று. அடுத்த சீட்டைப் பிரித்தார்.

“நம்முடைய சபையின் அருமைச் சகோதரர், பாடகர் குழுத் தலைவர் குமாரதாஸ் சார், ஆறு வருடமாகப் பிள்ளைப்பாக்கியம் இல்லாதபடியினாலே, வருகிற புதன்கிழமை மிஷன் ஆஸ்பத்திரியில் முதன்முறையாகத் தம்மைப் பரிசோதனை செய்துகொள்ளப் போகிறார்கள்.” இந்த இடத்தில் போதகரின் குரல் தடுமாறியது. ஆனால் பாதியில் நிறுத்தி அவருக்குப் பழக்கமில்லை. “சகோதரியிடத்தில் யாதொரு குறைவும் இல்லையென்று மருத்துவர் கண்டிருக்கிறபடியினால், மருத்துவர் இருமுறை எழுதிய கடிதங்களுக்கு இணங்கி, சகோதரர் வெட்கமும் பயமும் இல்லாமல் போய்வரும்படி ஜெபிக்கக் குடும்பத்தார் கேட்டுக்கொள்ளுகிறார்கள்.”

பாடகர் குழு பக்கமாகத் தலைகள் திரும்பின. கண்கள் எங்கே போகுமோ அங்கே போயின. குமாரதாஸ் கீர்த்தனைப் புத்தகத்தை இடுப்புக்குக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டார். லீலாபாய் அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

போதகர் வேறு வழியில்லாமல் கண்ணை மூடி ஜெபித்தார். முடிவில் சபை முழுவதும் ஆமென் சொன்னது. எப்போதும் சத்தமாக ஆமென் சொல்லுகிற நேசம்மாள், ஐம்பது வருஷத்துப் பழக்கத்தில், அன்றைக்கும் சத்தமாகச் சொல்லிவிட்டுப் பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் குமாரதாஸ் முதன்முதலாகக் குரலை ஏற்றினார். “எனக்க மானத்தை வாங்கிட்டியே!”

“குடும்பத்தார்னுதானே போட்டிருக்கேன். அதுல என்ன தப்பு?” என்றாள்.

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை கமிட்டிக்காரர் இரண்டு பேர் வந்து தோளைத் தட்டித் தைரியம் சொல்லிவிட்டுப் போனார்கள். செவ்வாய்க்கிழமை போதகரே வந்து, துணைக்கு வரட்டுமா என்று கேட்டார். முந்நூறு பேர் ஜெபித்தாயிற்று. இனிப் போகாமல் இருந்தால் ஏன் போகவில்லை என்று முந்நூறு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை காலை குமாரதாஸ் கோட்டு போட்டுக்கொண்டு படியிறங்கும்போது, எதிரே சூசம்மாள் மீன்குட்டையோடு வந்தாள்.

“சாரே, இண்ணைக்காக்கும் போறியளா? ஒண்ணும் பேடிக்காதீங்க. நான் அந்தோணியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தியிருக்கேன்.”

அவர் முகத்தில் ரத்தம் ஏறியது. வீட்டுப்பக்கம் திரும்பினார். வாசலில் லீலாபாய் இரண்டு உறைகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் கையில் கொடுத்தாள். அவர் தணிந்த குரலில் கேட்டார், “நீயும் கூட வாறியா, லீலா?”

மூன்று தடவை ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்ட மனிதர்.

“வலிக்காது. காலையில போனா சாயங்காலம் வந்துரலாம்” என்றாள். பிறகு சூசம்மாளிடம் சட்டியை நீட்டினாள். “எனக்கு மீன் கழுவணும்.”