பொழுது சாய்வதற்குள் ஒரு தலையணை

தோழிகளான ரூயீயும் பின்ஹானும் வாடகைக்கு இருந்த மொட்டைமாடித் தகர அறையை ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யும்படி வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கட்டடம் கைமாறிவிட்டதாம். இருவரும் தைப்பேயில் கல்லூரி முதலாண்டு. இதுவரை எந்த வேலைக்கும் போனதில்லை. அந்த நேரத்தில்தான் ஆச்சின் என்ற அக்காவின் காலைச் சிற்றுண்டிக் கடையில் ஆள் தேவைப்பட்டது. விடியுமுன் கடை திறக்க வேண்டும் என்பதால், வேலைக்கு வருகிறவள் மேலே இருக்கும் சின்ன அறையிலேயே தங்கிக்கொள்ளலாம். ஒரு வேலை, ஒரு கட்டில். இருவரையும் ஒரே காலையில் வரச்சொல்லி வேலை செய்ய விட்டுப் பார்த்தாள் அக்கா.

கடையின் இரும்புக்கல்லுக்கு ஒரு கணக்கு உண்டு. இடது பக்கம் நல்ல சூடு. அங்கே முட்டையை ஊற்றி, அது இறுகுமுன் மெல்லிய மாவுத்தகட்டை மேலே விரித்துவிட வேண்டும். முட்டையே பசையாகித் தகட்டைப் பிடித்துக்கொள்ளும். அரிசிமாவில் முள்ளங்கி சேர்த்து அவித்த வில்லைகளை வலது ஓரத்தில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அடியில் பொருக்கு கட்டியதும் அவை தாமாகவே கல்லை விட்டு விலகும். அதற்கு முன் தொட்டால் பிய்ந்துபோகும். ரூயீ இதைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டாள். பின்ஹானோ வில்லைகளைக் குத்திக் குத்திக் கூழாக்கினாள்.

ஆனால் கடையில் கல் மட்டுமா இருக்கிறது? அங்கே வருகிற பெண்கள் எல்லாரும் அழகிகள், ஆண்கள் எல்லாரும் அழகர்கள். அப்படித்தான் கூப்பிட வேண்டும். பல் விழுந்த கிழவரைக்கூட அழகரே என்று அழைத்துச் சிரிக்கவைத்தாள் பின்ஹான். ரூயீக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. மரியாதையாக இருக்கட்டுமே என்று காய்கறிக்காரப் பெண்ணை ஆன்ட்டி என்று கூப்பிட்டாள்.

"ஆன்ட்டியா? அதை உங்கம்மாகிட்டப் போய்ச் சொல்லுடி" என்றாள் அந்தப் பெண். வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கும் ஒரு 'அழகி' போட்டு, சோயாப்பாலைக் கையில் கொடுத்துச் சமாதானம் செய்தது பின்ஹான்தான்.

ரூயீக்கு வயிறு எரிந்தது. பின்ஹானுக்குப் பக்கத்து ஊரான பான்ச்சியாவில் சொந்த அக்கா இருக்கிறாள். அந்த வீட்டில் எப்போது போனாலும் இடமுண்டு. இருக்கிறவளுக்கே ஏன் எல்லாம் கூடி வருகிறது?

மதியம் கடையை மூடும்போது ஆச்சின் அக்கா முடிவைச் சொன்னாள். பின்ஹான் நாளைக்கே பெட்டியோடு வந்துவிடலாம். ரூயீயின் கையில் சூடான சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்றைத் திணித்தாள்.

அதை வாங்கிய ரூயீயின் கண் சுவரில் இருந்த நாள்காட்டியில் விழுந்தது. சீனர்களின் சந்திரக் கணக்குப்படி இன்று ஆறாம் மாதத்தின் கடைசி நாள். நாளை பிறக்கும் ஏழாம் மாதத்தில் ஆவிகளுக்குக் கதவு திறந்துவிடும்; ஆடியில் நாம் வீடு மாறாததுபோல் இங்கும் யாரும் குடி போக மாட்டார்கள். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மாதம் பிறப்பதற்கு முதல் நாளே, பொழுது சாய்வதற்குள், ஒரு தலையணையையும் கொஞ்சம் அரிசியையும் புது வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் குடி வந்ததாகவே கணக்கு. மற்ற சாமான்களைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம். பின்ஹானுடைய குடும்பம் தேவாலயத்துக்குப் போகிற குடும்பம். அவளுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆச்சின் அக்காவுக்குத் தெரியும், ஆனால் வேலை மும்முரத்தில் மறந்திருக்கிறாள்.

தகர அறைக்குப் பேருந்தில் திரும்பும்போது, கடை மாடி அறையில் கண்ணாடியை எங்கே மாட்டலாம் என்று பின்ஹான் யோசனை கேட்டுக்கொண்டே வந்தாள். பின்ஹான் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பியதும் ரூயீ தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு பை அரிசியோடு கடைக்குத் திரும்பினாள்.

கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்த ஆச்சின் அக்கா தலையணையைப் பார்த்தாள். பிறகு நாள்காட்டியைப் பார்த்தாள். சுரண்டுவதை நிறுத்தினாள்.

"அவகிட்டச் சொன்னியா?"

"சொல்லலக்கா."

"இப்ப போன் போட்டா அவளும் ஒரு தலையணையத் தூக்கிட்டு ஓடி வந்துருவா."

"போடுங்கக்கா. அவளுக்கு அவ அக்கா வீடு இருக்கு. எனக்கு இதை வைக்க வேற இடமில்ல."

ஆச்சின் அக்கா போனை எடுத்தாள், வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாள். எதிர்க் கட்டடத்தின் உச்சியில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது.

"மேல போ. சன்னலோரமா வை, மூலையில ஒழுகும். ரெண்டு பேரும் இருங்க. கல்லு உன்னோடது. காசு வாங்குற மேசைக்கு அவதான். விடிஞ்சப்புறம் அவ அக்கா வீட்டுலேருந்து ரயில்ல வந்துக்கட்டும்."

ரூயீ பாதிப் படி ஏறியிருப்பாள். கீழே அக்கா பின்ஹானை அழைத்து விஷயத்தைச் சொல்வது கேட்டது. பிறகு மறுமுனையில் பின்ஹான் என்ன சொன்னாளோ, ஆச்சின் அக்கா கல்லே அதிரும்படி சிரித்தாள். அன்று காலை முழுவதும் ரூயீ பக்கத்திலேயே நின்றிருந்தாள்; அக்கா அவளிடம் ஒருமுறைகூட அப்படிச் சிரிக்கவில்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மேலே போய்த் தலையணையை வைத்தாக வேண்டும். ஆனாலும் அந்தச் சிரிப்பு எதற்கு என்று தெரியாமல், அவளால் அடுத்த படியில் காலை வைக்க முடியவில்லை.