லண்டனுக்குக் காத்திருந்த துடைப்பம்

ஐம்பத்தஞ்சாம் வருஷம் ஐப்பசியில் வெங்கிட்டு லண்டனுக்குப் படிக்கப் புறப்பட்டான். அன்றே அவன் அம்மா லோகாம்பாள் துடைப்பத்தைக் கதவு மூலையில் சாத்திவிட்டாள். பிரயாணம் போனவன் போய்ச் சேர்கிற வரைக்கும் வீடு பெருக்கக் கூடாது. ரயிலேறி, பம்பாயில் தங்கி, நேற்று மத்தியானம்தான் பிள்ளை விமானம் ஏறியிருந்தான். ஆக, ஒரு வாரக் குப்பை. அதுவும் மட்டாஞ்சேரி மிளகு வியாபாரி வீட்டுக் குப்பை. கூடத்து மூலையில் சிந்தின மிளகு முளைத்து, இலை விட்டு, சுவர்க் கடிகாரம் வரைக்கும் ஏறியாயிற்று. அவள் புருஷன் கல்யாணராமன் கொடியை விலக்கித்தான் மணி பார்த்தார். நம்பாதவர்கள் மட்டாஞ்சேரி மழையில் நனைந்ததில்லை.

இன்றைக்கென்று பார்த்து, மகள் கமலாக்ஷியின் மாமியார் அனந்தலக்ஷ்மி பாலக்காட்டிலிருந்து வருகிறாள். ஜன்னல் கம்பியில் விரல் ஓட்டிப் பார்த்த பிறகே காபியைத் தொடுகிற மனுஷி. தூசி பட்ட விரலைக் கமலாக்ஷிக்கு ஒரு வருஷம் காட்டுவாள்.

"நாலாயிரத்தைந்நூறு மைல். கெய்ரோ, ஜெனீவான்னு இறங்கி ஏறி, ஒரு நாள் பிரயாணம். இதோ பன்னிரண்டு அடிச்சாச்சு, சேர்ந்திருப்பான். பெருக்கு," என்றார் கல்யாணராமன்.

"இப்போ அங்கே மணி என்ன?"

"காலம்பற ஆறரை. அவா நமக்கு அஞ்சரை மணி பின்னாடியாக்கும்."

"அப்போ அங்கே பன்னிரண்டாக இன்னும் அஞ்சரை மணி கிடக்கே. அதுக்குள்ளே எப்படிச் சேருவான்?"

"அதுவரைக்கும் ஆகாசத்திலே நின்னு சாயா குடிப்பானா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அவன் இறங்கற ஊர் மணிதான் எனக்குக் கணக்கு."

எத்தனையோ தரகர்களைப் பேசி மடக்கியவர், கொடியை விலக்கி மறுபடி மணி பார்த்தார்.

மூன்று மணிக்கு அனந்தலக்ஷ்மி வந்தாள். ஜன்னல் கம்பியில் விரலை ஓட்டினாள். விரல் கறுத்தது. கொடியை அடியிலிருந்து நுனி வரைக்கும் பார்த்தாள். கல்யாணராமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு பிரயாணத்திலே இருக்கா?" என்றாள்.

"வெங்கிட்டு. லண்டனுக்கு," என்றாள் லோகாம்பாள்.

அனந்தலக்ஷ்மி தூசி பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். "காபி இருக்கட்டும். முதல்லே சேதி வரட்டும்."

மூன்று பேரும் வாசலையே பார்த்திருந்தார்கள். ஐந்து அடிக்கிறபோது தந்திக்காரன் சைக்கிள் வந்து நின்றது. சௌக்கியமாகச் சேர்ந்தேன் என்று ஒரே வரி. கல்யாணராமன் வாய்விட்டு இரண்டு தரம் படித்தார். மூன்றாம் தரம் எழுத்து கலங்கியது.

"பார்த்தேளா, அங்கே பன்னிரண்டாக இன்னும் அரை மணி இருக்கு. நேரத்துக்கு முந்தியே போயிட்டான் என் பிள்ளை," என்று லோகாம்பாள் துடைப்பத்தை எடுத்தாள்.

"நில்லுங்கோ," என்றாள் அனந்தலக்ஷ்மி. "நான் வந்து சேர்ந்துட்டேன்னு முதல்லே பாலக்காட்டுக்கு ஒரு தந்தி அடிக்கச் சொல்லுங்கோ. அங்கே உங்க பொண்ணு பெருக்காம உக்காந்திருப்பா. அப்புறம், அந்தக் கொடியைப் பிடுங்காதேங்கோ. காய்ச்சுட்டுப் போறது."

காய்த்தது. முதல் பறிப்பை வெங்கிட்டுவுக்கே அனுப்பினார்கள். மிளகு கப்பலில் போனதால், அந்தத் தடவை வீடு பெருக்க ஒரு மாசம் ஆயிற்று.