பன்னெண்டும் பன்னெண்டு ஏ-வும்

விடிஞ்சா அம்மா ஆபீசுக்குப் போய், தப்பு தன்னோடதுதான்னு எழுதிக் கையெழுத்துப் போடப்போறா. அதுக்குள்ள சொல்லிடணும்னு பொண்ணு மூணு தடவ எழுந்து, மூணு தடவையும் திரும்ப சுருண்டு படுத்துக்கிட்டா. நாலாவது தடவ அம்மா கட்டில் ஓரத்துல போய் உக்காந்தா.

அம்மா தொழிலாளர் விடுதில வார்டன். தான் டைப் பண்ணின ரூம், ஆள் பேர் லிஸ்ட்ட வரிசையா அடுக்கித் தாடின்னு கேட்டதும், பொண்ணு ஜாவால ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தா. சில ரூம் நம்பர்ல ஏ, பி-யும் ஒட்டியிருந்ததால, அகராதி மாதிரி ஒண்ணு, பத்து, பதினொண்ணு, அப்புறமா ரெண்டுன்னு வந்துச்சு. "உங்க ஸ்கூல்ல இப்படித்தான் எண்ணுவாங்களா, கம்ப்யூட்டரம்மா?"ன்னு அம்மா சிரிச்சா. பொண்ணுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. அந்த எழுத்தக் கழட்டிட்டு, நம்பர மட்டும் பாத்து அடுக்குற மாதிரி மாத்தினா. வரிசை கச்சிதமா வந்துச்சு.

எழுத்தக் கழட்டினா பன்னெண்டும் பன்னெண்டு ஏ-வும் ஒண்ணுதானே. ஒரே ரூம் ரெண்டு தடவ வந்துருக்குன்னு புரோகிராம் பின்னால வந்தத சத்தமில்லாம தூக்கிப் போட்டுடுச்சு.

போன வாரம் நட்டநடுப் பகல்ல வெள்ளம். நைட் ஷிப்ட் ஆளுங்க அசந்து தூங்குற நேரம். காப்பாத்த வந்த படகுக்காரங்க கையில அம்மா அந்த லிஸ்ட்டத்தான் கொடுத்தா. ஏ, பி ரூமெல்லாம் தண்ணித் தொட்டிக்குப் பின்னால. லிஸ்ட்ல இல்லாத பக்கம் யாரும் எட்டிப் பாக்கல. கரையில எண்ணினப்பவும் அந்த லிஸ்ட்டோட கணக்கு சரியா இருந்துச்சு. நேத்து தண்ணி வடிஞ்சதும், தம்பியத் தேடி வந்த ஒருத்தர் பன்னெண்டு ஏ கதவ உடைச்சார். உள்ள அவரோட தம்பி, நைட் ஷிப்ட் இஸ்திரிக்காரர், செத்துக் கெடந்தார்.

ஒரு பேர டைப் பண்ண மறந்துட்டேனேன்னு அம்மா அதுலேருந்து சோத்துலயே கை வைக்கல.

"நீ மறக்கலம்மா. நான்தான்." பொண்ணு எல்லாத்தையும் சொல்லி முடிச்சா. அடி விழும்னு பாத்தா. விழல.

அம்மா எழுந்து உக்காந்தா. அப்புறம் கேட்டா.

"லிஸ்ட்லேருந்து அப்படி விழுந்த ரூம் வேற எது?"

பொண்ணு அத யோசிக்கவே இல்ல. இப்பத்தான் லிஸ்ட்ட மனசுக்குள்ள ஓட்டிப் பாத்தா.

"ஏழு பி."

ஏழு பி தையல்காரர் ஊருக்குப் போயிட்டார்னு எல்லாருமே சொல்லிக்கிட்டாங்க. போனத யாரும் கண்ணால பாக்கல.

அம்மா ஆணில மாட்டியிருந்த சாவிக்கொத்த எடுத்தா. "கையெழுத்து கெடக்கட்டும். டார்ச்ச எடு."

பொண்ணு டார்ச்சக் கையில பிடிச்சுக்கிட்டு கட்டில்லயே உக்காந்திருந்தா. அம்மா கதவத் தெறந்து பிடிச்சுக்கிட்டு நின்னா.