நாங்கள் ரெண்டு பேரும் மட்டும்

சாந்தகுமார் போனில் கோல் எடுத்தபோது துஷாந்தினி கடையில் நின்றாள். வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக இருக்கிற மூக்குக்கண்ணாடிக் கடை அது. புதுக் கண்ணாடியின் கால் காதுக்குப் பின்னால் உறுத்துகிறது என்று ஒரு வயதானவர் முறையிட, அதை வளைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். திரையில் கணவனின் பெயரைப் பார்த்ததும் அவனுடைய அம்மாவுக்கு, மாமிக்கு, டொக்டர் எழுதின மருந்துத் துண்டு எங்கே என்று கேட்கத்தான் எடுக்கிறான் என்று நினைத்தாள். கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு அக்காவின் வீட்டுக்கு அவள் வந்த பிறகு, அவன் எடுத்த கோல் எல்லாம் அப்படித்தான் இருந்தன.

“சனிக்கிழமை வேலை இருக்கா?” என்று கேட்டான்.

“அரை நாள். ஏன்?”

“ஒரு படம் பாப்பமா? பிறகு எங்கயாவது இருந்து ஆறுதலாச் சாப்பிடுவம்.”

“ஆரார் வருகினம்?” ஆறு வருசப் பழக்கத்தில் கேள்வி தானாக வந்துவிட்டது.

“நீரும் நானும். நாங்கள் ரெண்டு பேரும் மட்டும்.”

கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவன் அவளை நீ என்றுதான் கூப்பிட்டான். இப்போது நீர் என்கிறான். பெண்பார்க்க வந்த அன்று மட்டும்தான் அவன் அப்படிக் கதைத்திருந்தான். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். போன கிழமைதான் ஒரு லோயரைப் பார்த்து, பிரிவுக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டுவிட்டு வந்திருந்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

“என்ன படம்?”

அதோடு அந்தக் கிழமை முழுக்க அவன் கோல் எடுத்துக்கொண்டே இருந்தான். பழைய சோனகத் தெருவில் பெயின்ட் மொத்த வியாபாரக் கடையில் அவன் சேல்ஸ்மன். பின்னால் லொறியில் வாளிகள் ஏற்றுகிற சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்தித் திட்டம் போட்டான். முதலில் சாப்பிட்டுவிட்டுப் படத்துக்குப் போவோமா, படம் பார்த்துவிட்டுச் சாப்பிடுவோமா? பகல் காட்சிக்குப் போனால் இருட்ட முதல் வெளியே வந்துவிடலாம். ஏசி குளிருமே, அவளுக்குத் தடிமன் பிடிக்காதா? சீட் நடுவிலா ஓரத்திலா? ஓரம் வேண்டும் என்றாள். மூலைச் சீட் இரண்டு எடுத்துவிட்டதாக அன்று பின்னேரமே சொன்னான். சாப்பாட்டுக்குக் கடற்கரை வீதியில் ஒரு மாடிக் கடை. கடலைப் பார்த்த மேசையாக வேண்டும் என்று நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

“நண்டு அங்க நல்லா இருக்குமாம். உமக்கு நண்டெண்டா விருப்பம்தானே?”

விருப்பம்தான். அது அவனுக்கு ஞாபகம் இருந்ததுதான் அவளை வருத்தியது. மறந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

இந்த ஒரு பின்னேரத்துக்காக அவள் அவனிடம் எத்தனை தரம் கெஞ்சியிருப்பாள்! கல்யாணமான முதல் வருசம் அவளுடைய பிறந்தநாளுக்குப் படத்துக்குப் போவதென்று முடிவானது. மாமி தனிய வீட்டில் இருக்கப் பயம் என்றா. மாமி வருகிறா என்றதும் ஹெந்தளையில் இருக்கிற மச்சாள், அவனுடைய அக்கா, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கடைசியில் வான் பிடித்து, படத்தையும் விட்டுவிட்டு, எல்லாருமாகக் காலிமுகத்திடலில் நின்று இறால் வடை சாப்பிட்டார்கள். பிறந்தநாள்காரி சின்னவனின் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள். இன்னொரு தரம் சாறி கட்டி, பூ வைத்து, வாசல் வரைக்கும் வந்த பிறகு விருந்தாளி வந்தார். “அடுத்த கிழமை கட்டாயம் போவம்” என்றான். அவன் பொய்க்குச் சொல்கிறவன் இல்லை. சொல்லும்போது உண்மையாகத்தான் சொல்வான். ஆனால் அம்மாவும் அக்காவும் ஏதாவது கேட்டால் மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வராது.

அதற்காக ஒருத்தி வீட்டை விட்டு வெளிக்கிடமாட்டாள். துஷாந்தினி வெளிக்கிட்டது வேறொன்றால்.

ஏழு மாதத்தில் வயிற்றில் பிள்ளையின் அசைவு நின்றுபோனது. ஆசுப்பத்திரியில் மருந்து கொடுத்து வலி வரவைத்து, வியாழக்கிழமை விடிய, இறந்த பிள்ளையைப் பெற்றாள். பெண்பிள்ளை. தாதி துவாயில் சுற்றிக்கொண்டுவந்து காட்டியபோது அவள் கை நீட்டி வாங்கினாள். வெளியே நின்ற சாந்தகுமாரிடமும் பார்க்கிறாயா என்று கேட்டார்கள். அவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹெந்தளையில் மச்சாளின் மூத்த மகளுக்குச் சாமத்திய வீடு, பெரியபிள்ளையானதுக்குச் செய்கிற சடங்கு. மண்டபம் எப்போதோ எடுத்தாயிற்று, அழைப்புக் காட் கொடுத்தாயிற்று. தாய்மாமன் அவன் ஒருத்தன்தான். தாய்மாமன் இல்லாமல் பெட்டைக்குத் தலையில் பாலும் அறுகும் ஆர் வைக்கிறது என்று மாமி அழுதா. துடக்கு வீடு அல்லவா, தீட்டோடு போகலாமா என்று ஆரோ கேட்டதற்கு, பிறக்காத பிள்ளைக்கு என்ன துடக்கு என்று மச்சாள் சொன்னாளாம். அவன் போனான். துஷாந்தினி இரத்தப்போக்கு நிற்காமல் வார்டிலேயே கிடந்தாள். அன்று மத்தியானம் அவளுக்குப் பால் சுரந்தது. சட்டை நனைந்து, நெஞ்சு கல்லாகி, பக்கத்துக் கட்டிலில் ஒரு பிள்ளை வீரிட்டு அழ அழ இவளுக்கு வடிந்துகொண்டே இருந்தது. “அன்டன்ன எப்பா, நங்கி” என்று, அழாதே தங்கச்சி என்று, ஒரு தாதி சிங்களத்தில் சொல்லி முதுகைத் தடவிவிட்டாள். பின்னேரம் சாந்தகுமார் நெற்றியில் சந்தனத்தோடு, கையில் மண்டபத்துச் சாப்பாட்டுப் பார்சலோடு வந்து, “பாயாசமும் இருக்கு” என்றான்.

அதற்குப் பிறகும் சில மாதம் அந்த வீட்டில் இருந்தாள். சமைத்தாள், உடுப்புத் தோய்த்தாள். அந்த விசயத்தைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, அவனும்தான். ஒருநாள் வேலை முடிந்து கொட்டாஞ்சேனை பஸ்ஸுக்குப் போகாமல் நேரே அக்கா வீட்டுக்கு நடந்து போய்விட்டாள்.

சனிக்கிழமை அக்காதான் அவளுக்குச் சாறி மடிப்பு எடுத்துவிட்டாள். பாக்கியலெட்சுமி அக்காவுக்குத் தங்கச்சி திரும்பிப் போய்விட வேண்டும் என்று ஒரே ஆசை. “நல்ல மனுசன்டி. குடிக்கிறேல்ல, கை நீட்டுறேல்ல. இறங்கி வந்திருக்கிறான். நீயும் கொஞ்சம் இறங்கு” என்று ஊசி குத்தியபடியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தியேட்டர் வாசலில் அவன் வெள்ளனவே வந்து நின்றான். நீலச் சேட், புதுச் சப்பாத்து. மெலிந்திருந்தான். இருவரும் சுவரில் இருந்த போஸ்டரைப் பார்த்தார்கள். “சிரிப்புப் படமாம்,” என்றான். “சோகம் வேண்டாமெண்டுதான் இதுக்கு எடுத்தனான்.”

உண்மையில் சிரிப்பாகத்தான் இருந்தது. அவளும் இரண்டு மூன்று இடத்தில் சிரித்துவிட்டாள். இடைவேளைக்குப் பிறகு கதாநாயகன் கையில் ஒரு கைக்குழந்தை அகப்பட்டுவிடும். அவன் அதைத் தலைகீழாகத் தூக்கி, நப்பியை மாறிக் கட்டி, பால்மாவைத் தன் தலையில் கொட்டிக்கொண்டு படுகிற பாட்டில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்தில் சாந்தகுமாரும் குலுங்கினான். சீட்டே ஆடியது. இவ்வளவு சிரிக்கிறானே என்று துஷாந்தினி திரும்பிப் பார்த்தாள். அவன் கைலேஞ்சியை வாய்க்குள் திணித்து வைத்திருந்தான். கன்னமெல்லாம் ஈரம்.

ஆறு வருசத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. ஆசுப்பத்திரியிலும் இல்லை. அவள் அவனுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். படம் முடிந்து லைட் போடுகிற வரைக்கும் அந்தக் கையை விடவில்லை.

மாடிக் கடையில் கேட்டபடியே கடலோர மேசை கிடைத்தது. கீழே கரையோரமாக ரயில் ஒன்று ஆட்களைத் தொங்கவிட்டுக்கொண்டு போனது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நண்டுக் கறியும் பிட்டும் வந்தன. அவன் நண்டுக் கால்களை உடைத்து, சதையை எடுத்து அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துக்கொண்டே இருந்தான். தான் சாப்பிடவில்லை.

போன் அடித்தது. “அம்மா” என்று கொட்டை எழுத்தில் தெரிந்தது. அவன் எடுத்தான்.

“அம்மா, நான் துஷாவோட வெளியில நிக்கிறன். இப்ப கதைக்க ஏலாது” என்று சொல்லி வைத்துவிட்டான்.

அந்த ஒரு வசனத்துக்காக அவள் ஆறு வருசம் காத்திருந்தாள். அது இவ்வளவு லேசாகச் சொல்லக்கூடிய வசனமாக இருந்ததே என்றுதான் இப்போது நெஞ்சு எரிந்தது.

“அவ எப்பிடி இருந்தவ?” என்று திடீரென்று கேட்டான்.

ஆர் என்று விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆசுப்பத்திரிக்கு வந்த கொட்டாஞ்சேனை வீட்டார் பிள்ளையை அது என்றுதான் சொன்னார்கள். அவ என்று ஒருவரும் சொன்னதில்லை.

“நிறைய முடி,” என்றாள். “உங்கட நெத்தி. விரலெல்லாம் நீட்டு நீட்டா இருந்தது. நித்திரை கொள்ளுற மாதிரித்தான் இருந்தவ.”

அவன் தன் விரல்களைப் பார்த்தான். “எனக்குப் பயம், துஷா. பார்த்தா அதோட நான் சரி, முடிஞ்சுபோவன் எண்டு நினைச்சன். ஹெந்தளைக்குப் போனதும் அம்மா சொன்னதால மட்டுமில்லை. மேளமும் சனமுமா இருக்கிற இடத்தில போய் நிண்டா கொஞ்ச நேரம் ஒண்டும் தெரியாது எண்டு நினைச்சுத்தான் போனனான். தெரிஞ்சுகொண்டேதான் இருந்தது.”

“அண்டைக்குத்தான் எனக்குப் பால் வந்தது,” என்றாள்.

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். சாப்பாடு கொண்டுவந்த பெடியன் தயங்கித் திரும்பிப் போனான். அவள் தண்ணீரை ஊற்றி அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

“களனியில ஒரு வீடு பார்த்திருக்கிறன்,” என்றான் குரல் தெளிந்த பிறகு. “மேல்மாடி. ரெண்டு அறை. அம்மா அக்காவோட போய் இருப்பா. சொல்லிட்டன். அழுதவ, எண்டாலும் சொல்லிட்டன். வாறியா, துஷா?”

ஓம் என்ற சொல் அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எழும்பி அவனோடு போய்விடலாம். அந்தச் சமையலறையில் எங்கே எதை வைப்பது என்று கூட ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். ஆனால் அந்த வீட்டின் இரவுகளும் தெரிந்தன. அவன் கேட்பான், இவள் சொல்வாள். அவன் அழுவான், இவள் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பாள்.

“நான் அழுது முடிச்சிட்டனப்பா,” என்றாள். “அந்த வார்டில, உங்கட குசினியில, குளியலறையில பைப்பைத் திறந்து விட்டிட்டு, தனிய இருந்து அழுது முடிச்சிட்டன். நீங்கள் இப்பதான் தொடங்கியிருக்கிறீங்கள். திரும்ப முதல்ல இருந்து உங்களோட அழ எனக்கு ஏலாது.”

“நான் இனி அழமாட்டன்,” என்றான் அவன் அவசரமாக. சின்னப் பிள்ளை இனிக் குழப்படி செய்யமாட்டேன் என்று சொல்வது போல இருந்தது.

“இல்லை, அழுங்கோ. அழத்தான் வேணும். அவ உங்கட பிள்ளையும்தானே.”

“என்னில கோவமா?”

“கோவமெண்டா அந்த வீட்டுக்கு வந்திருப்பன். சண்டை பிடிக்கவெண்டாலும் வந்திருப்பன்.”

மிச்ச நண்டை வீணாக்கக்கூடாது என்பது போல இருவரும் குனிந்து சாப்பிட்டார்கள். கறி நன்றாகத்தான் இருந்தது.

காலி வீதி பஸ் நிறுத்தம் வரைக்கும் சேர்ந்து நடந்தார்கள். கடைகளில் லைட் எரியத் தொடங்கியிருந்தது. பஸ் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் கேட்டான்: “பேர் ஏதும் வைச்சனியா?”

“ஓம். ஆரணி.”

அவன் மெதுவாக ஒரு தரம் சொல்லிப் பார்த்தான். பிறகு பஸ்ஸில் ஏறிவிட்டான்.

அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். “என்னடி? என்ன சொன்னான்?”

துஷாந்தினி ஒன்றும் ஒளிக்கவில்லை. தியேட்டரில் அழுததையும் களனி வீட்டையும் சொன்னாள். தான் சொன்ன பதிலையும் சொன்னாள். அக்காவுக்குக் கோபம் வந்தது. “இனி உனக்கு என்னதான்டி வேணும்? கேட்டதெல்லாம் தந்திட்டானேடி!” என்று கத்தினாள். கத்திக்கொண்டே கதிரையில் இருந்தவள் முந்தானையை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டு விம்மத் தொடங்கினாள். துஷாந்தினி சாறியைக்கூட மாற்றாமல் நிலத்தில் அவளுடைய காலடியில் இருந்தாள். “சரி, அக்கா. அழாதை. சரி” என்று, அக்காவின் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.