காதில் விழாத சாவு

போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு கோமா செல்போனைக் காதோடு அழுத்தினாள். ஊரில், சிக்னல் கிடைக்கும் பாறை மேல் ஏறி நின்று சித்தப்பா கத்திக்கொண்டிருந்தார். பாதிப் பேச்சைக் காற்று தின்றது.

"காலையில உங்கப்பா டீ கேட்டாரு. கொண்டு வர்றதுக்குள்ள போயிட்டாரு. ஆத்தங்கரைக்குத் தூக்கப் போறோம். கொள்ளி நான் வைக்கிறேன். உங்கண்ணன் தீர்த்தாகிட்ட மூச்சு விட்டுடாத."

"மூத்த புள்ள இருக்கையில நீங்க எப்படி சித்தப்பா..."

"அடி அசடே! சேதி காதுல விழுந்தாத்தான் தீட்டு. விழுந்துட்டா மீசையை வழிச்சுட்டு பதிமூணு நாள் மூலையில உக்காரணும். ஒருத்தர் கை அவன் மேல படக்கூடாது, டாக்டர் கத்தி படுமா? அப்புறம் வருசம் பூரா வெள்ளைத்துணி. உன் கதி என்ன?"

"அம்மா என்ன சொல்றாங்க?"

"அண்ணிதான் என்னைப் பாறைக்கு விரட்டுனாங்க."

விடிந்தால் ஆபரேஷன். அண்ணனின் கிட்னியை எடுத்து இவளுக்கு வைப்பார்கள். கழுத்தில் செருகிய டயாலிசிஸ் குழாய் இரண்டு தடவை சீழ் பிடித்துவிட்டது. இன்னொரு தடவை பிடித்தால் குழாய் போட வேறு இடமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எதிர் வார்டிலிருந்து தீர்த்தா வந்தான். முதுகுப்பக்கம் திறந்த ஆஸ்பத்திரி அங்கியை ஒரு கையால் பிடித்திருந்தான். காத்மாண்டுவில் மாடி மாடியாய் சிமெண்ட் சுமந்த உடம்பு. அங்கிக்குள் அடங்கவில்லை.

"பாரு, பின்பக்கம் தைக்கிறதுக்கு மட்டும் தையக்காரன் காசு வாங்கலை போல."

கோமா சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது.

"என் கிட்னி மூட்டை தூக்கிப் பழகினது, தங்கச்சி. சும்மா இருக்காது. நாலு நாள்ல நீயே எந்திரிச்சு சிமெண்ட் கடைக்கு ஓடப் போற. போன்ல யாரு?"

"சித்தப்பா. எருமை கன்னு போட்டிருக்காம்."

"அதுக்குள்ளயா? அதுக்கு இன்னும் நாள் இருக்கே." கட்டிலோரம் வந்து நின்றான். "அப்பாகிட்ட குடுக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"தூங்குறாராம்."

"இந்த உச்சி வெயில்லயா?"

கோமா கழுத்து பேண்டேஜைத் தடவிக்கொண்டாள். அவன் அவளையே பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான்.

நர்ஸ் வந்து பிரஷர் பார்த்தாள். "ஏன் இவ்வளவு ஏறியிருக்கு? அழுதீங்களா? சாயங்காலமும் இப்படியே இருந்தா டாக்டர் தள்ளிப் போட்டுடுவாரு."

"பயம்," என்றாள் கோமா. பொய்யில்லை.

இந்நேரம் விறகு அடுக்கியிருப்பார்கள். சித்தப்பா ஈர வேட்டியோடு நிற்பார். மகன் கையால் ஒரு தீ, அது ஒன்றுதான் அந்த மனிதருக்குச் சேர வேண்டியிருந்தது. அதையும் தானே பறித்துக்கொள்வதாக அவளுக்குத் தோன்றியது. சொல்லிவிட்டால் அண்ணன் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவான். சொல்லாவிட்டால் நாளைக்கு அவன் வயிற்றைக் கிழிப்பார்கள், அவனுக்குத் தெரியாமலே.

"அண்ணே..."

"சொல்லாத."

சட்டென்று வந்தது. அவனே ஒரு நிமிஷம் திகைத்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "எதுவா இருந்தாலும் ஆபரேஷன் முடியட்டும். இப்ப எதுவும் என் காதுல ஏறாது, புள்ள."

கதவருகே டப்பாவோடு ஒரு ஆள் எட்டிப் பார்த்தான். "தீர்த்த பகதூர் யாருங்க? வயித்துல முடி எடுக்கணும்."

"நான்தான். பாத்து எடுப்பா, நாளைக்கு வேற வெட்டப் போறாங்க," என்று சொல்லிக்கொண்டே போனான்.

செல்போன் அதிர்ந்தது. சித்தப்பா. கோமா எடுக்கவில்லை. தலையணைக்கடியில் அது அதிர்ந்து அதிர்ந்து நின்றது. வராந்தாவில் யாரோ கஞ்சிப் பாத்திரம் கழுவினார்கள். இவ்வளவு நேரமா ஆகும் வயிற்று முடி எடுக்க? ஒருவேளை அப்படியே கிளம்பிவிட்டானோ? சாயங்காலப் பிரஷர் பார்க்க நர்ஸ் வந்தாள். கோமா வாசலைப் பார்த்தபடியே கையை நீட்டினாள்.

வாசல் இருண்டது. தீர்த்தாதான்.

மீசை இல்லை.

"மூக்குல குழாய் வைப்பாங்களாம். இடைஞ்சலா இருக்கும்னு நானே எடுக்கச் சொன்னேன்."

"அடேயப்பா, பத்து வயசு குறைஞ்சு போச்சே!" என்றாள் நர்ஸ், பிரஷர் பட்டையை மறுபடி கோமாவின் கையில் சுற்றியபடி.

அவன் தலையாட்டினான். பட்டை இறுகிக்கொண்டே போயிற்று. வெயில் படாமல் வெளுத்திருந்த மேலுதட்டில், பிளேடு கீறிய இடத்தில், ஒரு பொட்டு ரத்தம் நின்றிருந்தது. தீர்த்தா அதைத் துடைக்கவில்லை.