ஐந்தாவது சொல்

...இல்லை, சாவி என்று நான் சொல்லவேயில்லை, சொன்னது குடை, கிளி, பாலம், சட்டை, சிவப்பு, ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கேட்பதுதானே சோதனை, எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பேன், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன், எதிரே இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்தான் சிவப்பைத் தொலைத்துவிட்டுச் சாவியைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிக்கிறார், தப்பாகக் கணக்குப் போட்ட பையனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கிறார். "சாவின்னு நீங்கதான் சொன்னீங்க, டாக்டர்." சிரித்தேன், இந்த வேலைக்கென்றே வைத்திருக்கும் சிரிப்பு, கேட்காத சொல்லைக் கேட்டதாகச் சாதிப்பதும் மறதி நோயின் ஓர் அடையாளம், அதைப் பற்றி மேடை மேடையாகப் பேசிப் பெயர் வாங்கியவள் நான். அவருடைய மகள் தயங்கித் தயங்கி, தனக்கும் சாவி என்றுதான் காதில் விழுந்தது என்றாள். பாவம், பெற்றவரை விட்டுக்கொடுப்பாளா, நோயாளி வீட்டார் எல்லோரும் இப்படித்தான் பூசி மெழுகுவார்கள், பார்க்காததா...

ஆனால் சாவி எங்கிருந்து வந்தது? சாவி பழைய சோதனையில் இருந்த சொல், வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், பிறகு நானே அதைத் தூக்கிவிட்டுச் சிவப்பைப் போட்டேன், வாத்தியார் இந்த ஆஸ்பத்திரிப் படி ஏறியதே இன்றுதான், அந்தச் சொல் அவர் காதுக்குப் போக என் வாயை விட்டால் வேறு வழி ஏது... இந்த நோயில் புதியது உதிரும், பழையது நிற்கும், மாணவர்களுக்கு முதல் வகுப்பில் அதைத்தானே சொல்கிறேன்... சே, வாய் தவறியிருக்கும், யாருக்குத்தான் தவறாது, நேற்றுச் சரியான தூக்கம் இல்லை, அடுத்த மாதம் புது மருந்து ஆராய்ச்சி வேறு என் தலைமையில் தொடங்குகிறது, அந்த அலைச்சல்... பயமாக இருக்கிறது.

இவ்வளவு நேரம் ஓரமாக நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என் உதவி டாக்டர், ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணுக்கு நேராக வந்து, மணிக்கட்டைத் தொட்டு, "மேடம், அவசரமே இல்ல. முதல்ல தண்ணி குடிங்க. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றாள், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் இடம் விட்டு. நோயாளிகளிடம் இப்படித்தான் பேச வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன், கண்ணுக்கு நேராக, ஒரு நேரத்தில் ஒரே விஷயம், குரலை உயர்த்தாமல். அழகாகச் செய்கிறாள், ஒரு குறை சொல்ல முடியாது. தண்ணீரை வாங்கிக் குடித்தேன். இன்றைக்குத்தான் இப்படிப் பேசுகிறாளா, இல்லை, கொஞ்ச நாளாகவே என்னிடம் இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறாளா...