மகனைவிட மூத்தவள்

அந்தக் கல்வியாண்டில் பதினோராம் வகுப்பு பி பிரிவில் நான்கு பேர் எழுபது வயதைத் தாண்டினார்கள். அவர்களில் ஒருவன் வகுப்புத் தலைவன் என்பதால் வகுப்பில் சத்தம் மட்டும் கொஞ்சம் குறைந்தது. மற்றபடி பள்ளிக்கூடம் வழக்கம்போல ஒன்பதரைக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடிந்தது.

காரணம் தலைமையாசிரியை. அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் போனைத் தேய்த்துத் தேய்த்துக் கட்டைவிரல் ரேகையே அழிந்துவிடும் போலிருக்கிறது என்று ஒரு கவலை; கஷ்டப்பட்டு முன்னேறியவர்களின் தன்வரலாற்றைப் படித்தால் இவர்களுக்கும் கொஞ்சம் உறைக்கும் என்று ஒரு நம்பிக்கை. பருவத்துக்கு ஒன்று ஆளுக்கொரு தன்வரலாறு படித்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். முதல் பருவத்தில் எல்லாரும் ஒரே சுருக்கத்தைக் காப்பியடித்துக் கொடுத்தார்கள். மலையேறியவரும் கப்பல் கட்டியவரும் ஒரே கிணற்றில் நீச்சல் பழகியதாக அதில் இருந்தது. அம்மையாருக்குக் கோபம் தலைக்கேறியது. இனி எழுத்து வேலையே வேண்டாம், திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் மேடையேறி வாயால் சொல்லுங்கள் என்றார். அதுவும் 'அவர் பிறந்தார், அவர் வளர்ந்தார்' என்று ஒப்பிக்கக் கூடாது. 'நான் பிறந்தேன், நான் வளர்ந்தேன்' என்று அந்த ஆளாகவே நின்று சொல்ல வேண்டும். ஊரில் வேறு எந்தப் பள்ளியிலும் இப்படி ஒரு வழக்கம் இல்லை. அதனால் வேறு எந்தப் பள்ளியிலும் இந்தத் தொல்லையும் இல்லை.

புத்தகத்தை முழுதாகப் படித்து 'நான்' என்று சொன்னவர்களுக்கு, மேடையை விட்டு இறங்கும்போதே அந்த வயதும் சொந்த வயதோடு சேர்ந்துகொண்டது. பின்னட்டையை மட்டும் படித்துச் சமாளித்தவனுக்கு மீசை மட்டும் நரைத்தது. பாதியில் மூடி வைத்தவளுக்கு விவாகரத்து வழக்கு நடக்கும் இடத்திலேயே வண்டி நின்றுவிட்டதால், வீட்டுக்கு யார் வந்தாலும் வக்கீலா என்று கேட்டாள். நேராகக் கடைசி அத்தியாயத்துக்குப் போன கெட்டிக்காரன், எதனால் வலிக்கிறது என்று தெரியாமலே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கல்வித்துறையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். தேர்ச்சி விகிதம் கூடியிருந்தது. டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். மாணவர் சலுகையா முதியோர் சலுகையா என்று பேருந்து நடத்துனர்கள்தான் கொஞ்ச நாள் குழம்பினார்கள். பிறகு எதில் கட்டணம் குறைவோ அது என்று முடிவானது.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவளின் மகனும் அந்த நால்வரில் ஒருவன். பள்ளியில் அவனுக்கு அரைத்தூக்கம் என்று பெயர். அவன் புத்தகம் படிப்பான் என்று பெற்றவளே நம்பியதில்லை. போன் உடைந்து பழுதுபார்க்கக் கொடுத்திருந்த வாரத்தில், பொழுது போகாமல், ஏழு ஆறுகளுக்குப் பாலம் கட்டிய ஒரு பொறியாளர் அறுபத்தோரு வயதில் எழுதியதை முன்னுரையோடு படித்து முடித்துவிட்டான். அந்தத் திங்கட்கிழமை மாலை அவள் லென்ஸைச் சாணைச் சக்கரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தபோது, எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் கடைக்குள் வந்து, பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டும் என்றார். பள்ளிச் சீருடையை வைத்துத்தான் அவளுக்கு ஆளைத் தெரிந்தது. இனி அவனை அவர் என்று எழுதுவதுதான் மரியாதை. பெற்ற மனம் நோகும் என்பதால் அவன் என்றே எழுதுகிறோம். அவன் அவளைக் கனிவாகப் பார்த்து, "எவ்ளோ நேரமா நின்னுக்கிட்டே வேல பாக்குற? சாப்பிட்டியாம்மா பொண்ணு?" என்று கேட்டான். மகன் தன்னை இப்படி அக்கறையாக விசாரித்தது அதுதான் முதல் தடவை. அவள் சக்கரத்தை நிறுத்திவிட்டு அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

வீட்டில் அவன்மேல் ஒரு குறை சொல்ல முடியவில்லை. விடியும் முன் எழுந்தான், போர்வையை மடித்தான், தட்டைக் கழுவி வைத்தான், பக்கத்து வீட்டாரின் பழைய சண்டையை மன்னித்தான். பால் பொங்கி வழிந்தால், விழுந்த இடத்தில்தான் அடுத்த தூணை நட வேண்டும் என்று ஆறுதல் சொன்னான். லாரி ஓட்டப் போயிருந்த அவள் புருஷன் திரும்பி வந்து, பெரியவர் யார் என்று விசாரித்து, விஷயம் தெரிந்ததும் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு "வாங்க" என்றான். மார்க் எவ்வளவு என்று கேட்கவும் முடியாமல், கால்மேல் கால் போட்டு உட்காரவும் முடியாமல், மறுநாளே அடுத்த லோடுக்குக் கிளம்பிவிட்டான். மகன் அம்மாவை மறந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. பெயர், பிறந்த ஆஸ்பத்திரி எல்லாம் சரியாகச் சொன்னான். ஆனால் அறுபத்தோரு வருடச் சாமான் வந்து இறங்கிய வீட்டில் பழைய பதினேழு வருடம் பரணுக்குப் போயிருந்தது. அம்மா என்றதும் அவனுக்கு முதலில் நினைவு வந்தவள், பாலத்துப் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் கூடை முடைந்தவள்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, முதியோர் இல்லத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னான். "நீங்க சின்னஞ்சிறுசுங்க. உங்களுக்கு எதுக்கும்மா நான் பாரமா இருக்கணும்? எடம் காலியானதும் கூப்பிடுறேன்னாங்க." எங்கடா போற, உட்காருடா என்று அதட்ட அவள் வாயைத் திறந்தாள். "உக்காருங்க" என்று வந்தது. மறுபடி முயன்றாள். "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்திக்குங்க" என்று வந்தது. ஒழுங்காக வளர்க்கப்பட்டவளுக்கு, அவ்வளவு நரைத்த தலையைப் பார்த்து 'டா' போட நாக்கு புரளவில்லை. 'டா' போட முடியாத ஆளைப் போகாதே என்று தடுக்கவும் முடியாது. கடையில் சாணைச் சக்கரத்தின் இரைச்சலில் தனியாகச் சொல்லிப் பார்த்தாள், நன்றாகவே வந்தது. வீட்டுக்குப் போனதும் வரவில்லை.

மறுநாள் முதலாளியிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

"எனக்கும் ஒரு புக் குடுங்க டீச்சர். அவனவிட நான் பெரியவளா இருந்தாத்தான் எம்பேச்சக் கேப்பான்."

வாழ்நாளில் முதல் தடவையாகத் தன்னிடம் ஒருவர் தானாக வந்து புத்தகம் கேட்டதில் தலைமையாசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நியாயமான மனுஷி, ஒன்றை எச்சரித்தார். "உங்க நாப்பத்தோரு வருஷமும் அடியில போயிடும்மா. அப்புறம் அவன் யாரோ எவரோன்னு உங்களுக்கே தோணலாம்."

"தோணட்டும். மொதல்ல அவன் போகக் கூடாது."

முதலில் எடுத்தது பனிமலை ஊர்களில் பிரசவம் பார்த்த ஒரு நர்ஸின் வாழ்க்கை. கடையில் கல்லாவுக்குப் பின்னால் வைத்துப் படித்தாள். அழுகை வந்த அத்தியாயத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு இடது லென்ஸை வலதில் மாட்டிக் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை பிள்ளைகளோடு வரிசையில் நின்று மேடையேறி, "நான் பனிக்குள் பிறந்தேன்" என்று தொடங்கி, எழுபத்தாறு வயதாக இறங்கினாள். அந்த நர்ஸ் முப்பத்தைந்து வயதிலேயே அவசரப்பட்டுப் புத்தகம் எழுதிவிட்டாள் என்பதை இவள் கவனிக்கவில்லை. மகனை எட்ட இன்னும் இரண்டு வயது குறைந்தது. வீட்டுக்குப் போய் "எங்கட..." என்று ஆரம்பித்தாள்; அது வாசல்வரை வந்து "எங்கப்பா போறீங்க" என்று திரும்பிக்கொண்டது. இடம் காலியாகிவிட்டது, வரும் திங்கட்கிழமை போகிறேன் என்றான் அவன். அவள் ஓடிப் போய் நூலகத்தில் இருப்பதிலேயே தடிமனான புத்தகத்தை எடுத்து வந்தாள். தொண்ணூறு வயது நீதிபதி ஒருவர் எழுதியது, வாங்கிய நாளிலிருந்து ஒருவரும் தொட்டதில்லை. அந்த வாரம் வீட்டில் சமையல் இல்லை. அடிக்குறிப்பு, பின்னிணைப்பு, நன்றியுரை எதையும் அவள் விடவில்லை. இன்னொரு தடவை வயது குறைந்தால் வம்பு.

திங்கட்கிழமை அவளுக்கு நூற்று அறுபத்தாறு வயதானது. பள்ளி வாசலில் வந்து நின்றவளுக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. நீதிபதியின் வழக்கப்படி கார் வரும் என்று கொஞ்சம் காத்திருந்தாள். நர்ஸின் வழக்கப்படி மருந்துப் பையைத் தேடினாள். நீதிபதிக்கு நான்கு பிள்ளைகள், நான்கு பேரும் தங்கக் கம்பிகள். அவர்களை நினைத்துக்கொண்டே கால் போன போக்கில் நடந்தாள். ஒரு தெருவில் ஒரு பெரியவர் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் பையோடு படியிறங்கினார். யாரோ கண்ணியமான மனிதர் என்று நினைத்தாள். பை கனமாக இருக்கும்போல, இடது தோள் சாய்கிறது என்றும் நினைத்தாள். அப்போதுதான் சட்டையைக் கவனித்தாள். பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தான். ஒரு பக்கம் காலர் காதைத் தொட்டது. அவளுக்கு எங்கிருந்தோ சுர்ரென்று கோபம் ஏறியது. நீதிபதிக்குத் தொண்ணூறு வருடத்தில் அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. நர்ஸுக்கும் வந்ததில்லை.

"எங்கடா போற?"

தடங்கலே இல்லாமல் வந்தது. ஏழு ஆறுகளைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"சட்டப் பொத்தான ஒழுங்காப் போடத் தெரியல, தொர தனியா இருக்கப் போறாராம். பைய உள்ள வைடா."

அவன் பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கழுத்துவரை சிவந்தான். "சும்மா கத்தாதம்மா, தெருவே பாக்குது" என்று முனகிக்கொண்டே கதவைத் திறந்து பையை உள்ளே எறிந்தான். அந்த முனகலைக் கேட்டதும் அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். நூற்று அறுபத்தாறு வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

முதியோர் இல்லத்துக் கட்டில் வேறொருவருக்குப் போயிற்று. அடுத்த வாரம் பள்ளி நூலகத்தின் வாசலில் பெற்றோர்கள் வரிசையில் நின்றார்கள். லாரிக்காரனும் வந்து, மகனைவிட ஒரு வயது கூடினால் போதும், மெலிசாக ஒன்று கொடுங்கள் என்று பேரம் பேசினான். வாசிப்புப் பழக்கம் நன்றாகப் பரவியிருப்பதாகத் தலைமையாசிரியை மேலிடத்துக்குத் தெரிவித்தார். மூக்குக்கண்ணாடிக் கடை இரண்டு கடையானது. அரைத்தூக்கம் அந்த வருடம் கணக்கில் பெயில். ஏழு பாலம் கட்டினவனுக்குக் கணக்கு எப்படிடா வராமப் போச்சு என்று அவன் அம்மா ஒரு வாரம் திட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.